ஹோட்டல் தட்டைக் கண்ணால் அளக்கப் பழகலாம்

வெளியில் சாப்பிடும் நாளில் கலோரிக் கணக்கு பார்க்கவே முடியாது, அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எப்போதாவது ஒரு விருந்துக்குப் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். வேலை, பயணம், அறை எடுத்துத் தங்கியிருப்பது என்று பாதி வேளைச் சாப்பாடு வெளியில்தான் என்று ஆகிவிட்டவருக்கு என்ன சொல்வது? சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் கவனித்தே ஆக வேண்டியவருக்கு? "வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவாது.

துல்லியமாகக் கணக்கிட முடியாது என்பது உண்மை. தோராயமாகக் கணக்கிடலாம். அந்தத் தோராயம் ஒரு திறமை, பழகினால் யாருக்கும் வரும். இதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் நம் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். சில நாள் கூட்டிச் சொல்வோம், சில நாள் குறைத்துச் சொல்வோம், மொத்தத்தில் சரியாகிவிடும் என்றால் கவலையே இல்லை. அப்படி நடப்பதில்லை. 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்கத் துரித உணவகங்களில் சாப்பிட்டவர்களிடம், வாங்கிய உணவில் எத்தனை கலோரி இருக்கும் என்று கேட்டு, அவர்களுடைய ரசீதை வைத்து உண்மையான அளவோடு ஒப்பிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேராவது குறைத்துத்தான் சொன்னார்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 175 கலோரி விட்டுப்போயிருந்தது, பதின்வயதினருக்கு 259. ஏறக்குறைய நான்கில் ஒருவர் 500 கலோரியோ அதற்கு மேலோ குறைத்துச் சொல்லியிருந்தார். சாப்பாடு பெரிதாகப் பெரிதாகத் தவறும் பெரிதானது என்பதுதான் இதில் என்னை யோசிக்க வைத்தது. எந்த வேளையில் கணக்கு மிகவும் தேவையோ, அந்த வேளையில்தான் கண் நம்மைக் கைவிடுகிறது.

இதற்கும் முன்னால் 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இன்னும் பேசப்படுகிறது. ஒரு நாளைக்கு 1200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்து எழுதிவந்தது தெரிந்தது. இதைப் படித்துவிட்டு "பாருங்கள், பொய் சொல்கிறார்கள்" என்று கிளம்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். எடை குறையாமல் தவிக்கிற ஒருவர் மருத்துவரிடம் வந்து வேண்டுமென்றே பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது? தட்டில் இருப்பதைக் கண் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் படிக்கவில்லை? பாதிக் காரணம் வெறும் வடிவக் கணக்கு. 25 செ.மீ. விட்டமுள்ள தட்டையும் 30 செ.மீ. தட்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது 'கொஞ்சம் பெரிசு' என்றுதான் தோன்றும். பரப்பளவில் அது 44 சதவீதம் அதிகம். கிண்ணமாக இருந்தால் இன்னும் மோசம். அகலம், ஆழம் எல்லாவற்றிலும் 20 சதவீதம் கூடிய கிண்ணம் 73 சதவீதம் அதிகமாகக் கொள்ளும். கண் ஒரு பக்க நீளத்தைத்தான் ஒப்பிடுகிறது, வயிற்றுக்குப் போவதோ கன அளவு. ஹோட்டலில் தட்டும் கிண்ணமும் வீட்டில் இருக்கும் அளவில் இருப்பதில்லை என்பதால், வீட்டுத் தட்டை மனதில் வைத்துப் போடும் கணக்கு அங்கே செல்லாது.

மீதிப் பாதிக் காரணம் எண்ணெய். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் சோற்றையும் ரொட்டியையும் மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. அமெரிக்க வேதியியலாளர் ஆட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை, இன்றும் உணவுப் பொட்டலங்களில் கலோரி போடுவதற்கு இவைதான் அடிப்படை. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம், கிட்டத்தட்ட 120 கலோரி. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அதாவது சோற்றில் கலந்து காணாமல் போகும் ஒரு ஸ்பூன் எண்ணெய், தட்டில் ஒரு குவியலாகத் தெரியும் சோற்றுக்குச் சமம். சோற்றை ஒதுக்கி வைக்கலாம். உள்ளே போன எண்ணெயை எப்படி ஒதுக்குவது?

வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராம் 90 கலோரிக்குள் அடங்கும். அதையே நீளநீளமாக வெட்டிப் பொரித்தால் அதே 100 கிராம் 300-ஐத் தாண்டும். நீர் வெளியேறி, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. சாலட்டும் அப்படித்தான். இலையும் காயும் சேர்ந்து 50 கலோரிகூட வராது, மேலே ஊற்றும் டிரெஸ்ஸிங் 200 கொண்டுவரும்.

ஹோட்டல் சமையலறையில் எண்ணெயை ஸ்பூனில் அளப்பது அபூர்வம். கரண்டியால் ஊற்றுவார்கள், இறக்கும் முன் மினுமினுப்புக்காக வெண்ணெயோ எண்ணெயோ இன்னொரு முறை சேர்ப்பார்கள். ருசிக்காகச் செய்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடுகிற நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடையாளங்கள் தட்டிலேயே இருக்கின்றன. சோறோ நூடுல்ஸோ ஒன்றோடொன்று ஒட்டாமல் பளபளவென்று நிற்கிறதா? குழம்பின் ஓரத்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறதா? பாதி சாப்பிட்டபின் தட்டை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். கீழே ஓடி வந்து தேங்குவது ஒரு டீஸ்பூன் அளவு இருந்தால், உணவுக்குள் இருப்பது அதைப்போலப் பல மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படிப் பழகுவது? பழக வேண்டிய இடம் வீடு. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவு சோற்றைப் போடுங்கள், எத்தனை கிராம் இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் நிறுத்துப் பாருங்கள். முதலில் ஊகம், பிறகு எடை. இந்த வரிசை மாறக் கூடாது. எடையை முதலில் பார்த்துவிட்டால் கண் எதையும் கற்றுக்கொள்ளாது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயை வெறும் தட்டில் ஊற்றி, அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்றும் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கை. ஒரு மூடிய கை ஒரு கப், விரல்கள் நீங்கலாக உள்ளங்கை 100 கிராமுக்குச் சற்று முன்பின்னான கறி, கட்டைவிரல் நுனி ஒரு டீஸ்பூன் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நல்ல வழிதான், எங்கே போனாலும் கை கூடவே வரும். ஆனால் எல்லோர் கையும் ஒன்றல்ல. உங்கள் கையை நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதை ஒரு அகலமான தட்டில் வைத்து, கையை மூடி மணிக்கட்டு வரை மெதுவாக இறக்குங்கள். தட்டில் வழிந்த தண்ணீரை மில்லி கோடு போட்ட கோப்பையில் ஊற்றினால் உங்கள் கையின் அளவு தெரிந்துவிடும். சிலருக்கு 250 மில்லிக்கு முன்பின் வரும், கை பெரிதானால் அதற்கும் மேல். 240 மில்லி கப்பில் வெந்த சோறு சுமார் 160 கிராம் பிடிக்கும், 200 கலோரியைச் சற்றே தாண்டும். இனி எந்த ஊரில் எந்தத் தட்டு வந்தாலும், இது எத்தனை கை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். ஆப்பில் கணக்கு எழுதுபவர்கள் 'அரிசி' என்று தேடி முதலில் வருவதைத் தட்டிவிடுகிறார்கள். வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி, வெந்தபின் 100 கிராமுக்கு 130. வேகும்போது நீரை உறிஞ்சி எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. வெந்ததை நிறுத்து வேகாததன் கணக்கில் எழுதினால் ஒரே தட்டில் பல நூறு கலோரி பிசகும். கறிக்கு இது தலைகீழ், வேகும்போது நீர் வெளியேறி எடை குறையும். எந்த நிலையில் அளந்தோமோ அந்த நிலையின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு தட்டை எடுத்துப் பார்ப்போம். எண்ணெயில் வதக்கிய சோறு இரண்டு மூடிய கை (ஒரு கை ஒரு கப் என்று வைத்துக்கொள்வோம்), சாஸில் புரட்டிய கோழி ஒரு உள்ளங்கை, 330 மில்லி குளிர்பானம் ஒன்று. சோறு 320 கிராம், சுமார் 415 கலோரி. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் வெந்தபின் 165. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான், எனவே பலரும் '600-க்குள்' என்று முடித்துவிடுவார்கள். சோற்றில் போன எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன் என்று வைத்தால் 240. சாஸில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் என்றால் 150. குளிர்பானம் 140. மொத்தம் 1100-ஐத் தொட்டுவிட்டது. தட்டில் எதுவும் மாறவில்லை, பார்க்காமல் விட்டதைப் பார்த்தோம். இதை நான் '1000 முதல் 1300' என்று எழுதிக்கொள்வேன். ஒற்றை எண்ணாக எழுதினால் அதை நாமே நம்ப ஆரம்பித்துவிடுவோம். இடைவெளியாக எழுதி, சந்தேகம் வந்தால் மேல் பாதியை எடுத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. தவறு வழக்கமாகக் கீழ்ப்பக்கம்தான் விழுகிறது என்று பார்த்தோமே.

துரித உணவகத்தைத் தவிர்த்து, உட்கார்ந்து சாப்பிடும் நல்ல ஹோட்டலுக்குப் போனால் பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரேசில், சீனா, பின்லாந்து, கானா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில், மக்கள் அதிகம் வாங்கும் உணவுகளை வாங்கி ஆய்வகத்தில் அளந்தார்கள். பரிமாறும் ஹோட்டல்களின் சாப்பாட்டில் 94 சதவீதம் 600 கலோரியோ அதற்கு மேலோ இருந்தது, துரித உணவில் 72 சதவீதம். கெட்ட பெயர் வாங்கியது ஒன்று, தட்டை நிறைப்பது இன்னொன்று.

மெனுவில் கலோரி அச்சிட்டிருந்தால் நம்பலாமா? அமெரிக்காவில் 20 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள சங்கிலி உணவகங்களுக்கு 2018 மே முதலும், இங்கிலாந்தில் 250 ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரல் முதலும் இது கட்டாயம். நான் இதை வரவேற்கிறேன், ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண் ஒரு நிர்ணயித்த செய்முறைக்கானது. சமைப்பவர் கை கொஞ்சம் தாராளமானால் எண் மாறாது, உணவு மாறிவிடும். 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில் 269 உணவுகளை அளந்தார்கள். சராசரியில் அச்சிட்ட எண் சரியாகவே இருந்தது. ஆனால் 19 சதவீத உணவுகளில் 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது. அதிலும், கலோரி குறைவு என்று போட்டிருந்த உணவுகளில்தான் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்தது. எடை குறைக்க நினைப்பவர் தேடிப் போய் வாங்குவது அதைத்தான்.

புகைப்படம் எடுத்தால் கலோரி சொல்லும் ஆப்களைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் கிண்ணத்தின் ஆழம் சரியாகத் தெரியாது, சாஸுக்குள் போன வெண்ணெய் தெரியவே தெரியாது. நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கணக்கை முதல் வாய்க்கு முன்பே போட்டுவிட வேண்டும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் ஒரே உணவை 500 கிராம் முதல் 1000 கிராம் வரை வெவ்வேறு நாட்களில் பரிமாறினார்கள். பெரிய அளவு வைத்த நாளில், சின்ன அளவு வைத்த நாளைவிட 30 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அளவு மாறியதைக் கவனித்ததாகச் சொன்னவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம் என்ற திட்டம் பெரிய தட்டின் முன் பலிப்பதில்லை. எவ்வளவு சாப்பிடுவது என்று முடிவு செய்து, மீதியை உடனே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது. சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குவதும் அப்படித்தான், எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது நம் கையில் இருக்கும்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். உணவைக் கண்டாலே எண்களாக ஓடும் மனநிலை உள்ளவர்கள், உண்ணல் கோளாறிலிருந்து மீண்டு வருபவர்கள் இதைத் தொடவே வேண்டாம், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வளரும் குழந்தைகளின் தட்டருகே உட்கார்ந்து கலோரி பேசுவதும் வேண்டாம்.

ஹோட்டல் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கலோரி போட ஆய்வகச் செலவோ செய்முறைக் கணக்கோ தேவைப்படலாம், சிறிய கடைகளுக்கு அது கஷ்டம்தான். எடையைப் போட ஒரு தராசு போதும். சோறு இத்தனை கிராம், கறி இத்தனை கிராம் என்று மெனுவில் ஒரு வரி இருந்தால், சர்க்கரை நோயாளி தன் மாவுச்சத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்வார், இரண்டு பேருக்கு ஒன்று போதுமா என்று பரிமாறுபவரைக் கேட்க வேண்டியிருக்காது. அதுவரை பரிமாறுபவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இது எத்தனை பேர் சாப்பிடும் அளவு, பொரித்ததா சுட்டதா, சாஸ் தனியாகக் கிடைக்குமா.