கண்ணின் ரத்தநாளத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

கண்ணாடி முன் நின்று, தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் ஓரமாகத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை விழியில் மெல்லிய சிவப்பு இழைகள் பின்னிக் கிடப்பது தெரியும். ஆளுக்கு ஆள் மாறும் அந்தப் பின்னலை செல்ஃபி கேமராவிலேயே படித்து போனைத் திறக்கும் நுட்பம் வந்து பல வருடமாகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிறந்த ஐவெரிஃபை நிறுவனம் அதை வைத்துத்தான் வளர்ந்தது. 2016இல் சீனாவின் ஆன்ட் ஃபைனான்ஷியல் என்ற நிதி நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

கண்ணுக்குள்ளே விழித்திரையில் ஓடும் நாளங்களின் கதை இன்னும் பழசு. அவை ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது என்று 1935லேயே சைமன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1980களில் அதை வைத்து ஆளை அடையாளம் காணும் கருவி விற்பனைக்கே வந்தது. கண்ணைக் கருவியோடு ஒட்டிவைத்து, அசையாமல் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும்.

துல்லியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. என் பயமெல்லாம் அடையாளத்துக்காக எடுக்கும் கண் படம் வேறு என்னென்ன சொல்லும் என்பதில்தான். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் விழித்திரை நாளங்களில் தடம் பதிக்கும். கண் மருத்துவர் உள்ளே வெளிச்சம் அடித்துத் தேடுவது அதைத்தான். விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஒருவரின் வயது, பாலினம், ரத்த அழுத்தம், புகைபிடிப்பவரா இல்லையா என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் கணிக்கும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் காட்டினார்கள். வெள்ளை விழி அவ்வளவு சொல்லாது என்றாலும், மஞ்சள் காமாலையை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதானே! ஆக, போனையோ ஆபீஸ் கதவையோ திறக்கக் கொடுக்கும் படம் நம் மருத்துவ ரிப்போர்ட்டாகவும் ஆகிவிடுகிறது. அது காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும்?

திருட்டு வேறு இருக்கிறது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போயின. பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம். கண் போனால்?

போனுக்குள்ளேயே பதிவாகி, அங்கேயே ஒப்பிட்டு, வெளியே போகாமல் இருக்கிறதா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேலை தருபவர் தன் சர்வரில் வைத்துக்கொள்வேன் என்றால் நான் எதிர்க்கிறேன். சம்பளம் அவர் கையில் இருக்கும்போது நாம் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? படம் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், வேலையை விட்டால் எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் தரச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கண்ணைக் காட்ட விரும்பாதவருக்கு ஒரு சாதாரண அட்டையைக் கொடுத்து உள்ளே விடவும் வேண்டும்.