இலை, தாள், தோகை, ஓலை எல்லாம் ஒண்ணு இல்லைங்க
மேல ஒருத்தர் இலை, தாள், தோகை, ஓலை நாலும் ஒரே அர்த்தம், மூணாம் வகுப்பு பசங்க லிஸ்ட்டா மனப்பாடம் பண்ணினா போதும்னு போட்டிருக்காங்க. அது சரியில்லைங்க. வேம்பு, புளிக்கு இலை, நெல்லு புல்லுக்கு தாள், கரும்பு சோளத்துக்கு தோகை, தென்னை பனைக்கு ஓலை, காய்ஞ்ச இலைன்னா சருகு. தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் இதைப் பிரிச்சு எழுதினது பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்துலயே வந்துச்சு. லிஸ்ட்டா படிச்ச குழந்தை பரீட்சையில "தென்னை இலை"ன்னு எழுதும், பாவம் அது என்ன பண்ணும்? கதிரவன், ஞாயிறு, சூரியன் மாதிரி நிஜமாவே ஒரே அர்த்தம் வர்ற சொல்லுங்களுக்கு லிஸ்ட் ஓகே, ஆனா அதையும் ஆளுக்கொரு வாக்கியத்துல எழுத வைங்க, அப்பதான் எதை எங்க போடணும்னு பிடிபடும். இதுக்கு சார்ட் எதுவும் வேண்டாம், வாசல்ல கிடக்கிற சருகையும் கொல்லையில இருக்கிற தென்னை ஓலையையும் கையில குடுத்து பேர் சொல்லச் சொல்லுங்க.