கலங்கிய பீரில் விஷமா? புலனத்தில் சுற்றும் செய்தி தவறு

"கலங்கலாகவும் கிராம்பு வாடையோடும் இருக்கும் பீரில் மெத்தனால் கலந்திருக்கிறது, நாக்கில் வைத்தாலே தெரியும்" என்ற செய்தி, ஒரு படத்தோடு, மலேசியாவின் சுங்கை சிப்புட் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. மெத்தனால் என்பது கண்ணையும் உயிரையும் பறிக்கும் நச்சு ஆல்கஹால். கலங்கலும் வாடையும் மெத்தனாலின் அடையாளம் என்பதும், நாக்கு அதைக் கண்டுபிடிக்கும் என்பதும் இரண்டுமே தவறு.

படத்தில் இருப்பது சேசான், பெல்ஜியத்தின் வல்லோனியா பண்ணைகளில் பிறந்த பீர். அந்த மிளகு, கிராம்பு மணம் பெரும்பாலும் ஈஸ்ட் உண்டாக்கும் ஃபீனால்கள் என்ற மணப்பொருள்களால் வருவது. சிலர் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் கொஞ்சம் சேர்ப்பார்கள்; மசாலாவே முன்னால் நின்றால் அது சுவைக் குறை, விஷமல்ல. வடிகட்டாததால் கலங்கும். பீர் நடுவர்களின் பிஜேசிபி 2021 வழிகாட்டியில் 25பி பிரிவைப் பாருங்கள்.

சுவைக்க 7 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிர் போதும். ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும் (நம் ஊர்ப் பழக்கம், என்ன செய்வது!). அடிவண்டலுக்காகக் கடைசி ஒரு சென்டிமீட்டரைப் புட்டியிலேயே விடுங்கள். உண்மையான குறைகள் வேறு: காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை வந்தால் குளோரின் தண்ணீரோ வேண்டாத ஈஸ்ட்டோ காரணமாக இருக்கலாம், பச்சைப் புட்டி வெயிலில் நின்றால் ஸ்கங்க் என்ற விலங்கின் வாடை போன்ற நாற்றம், திறந்ததும் பீறிட்டால் சர்க்கரை மிகுதி அல்லது கிருமித் தொற்று.

மெத்தனாலை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்காது. ஆபத்து கள்ளச் சம்சுவிலும் (மலிவான சாராயம்) போலி, கலப்பட மதுவிலும்தான். 2018இல் சிலாங்கூரில் உயிர்கள் போனதும் கலப்பட மதுவால். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலும் உடனே மருத்துவமனை. நாக்கை நம்பச் சொல்லும் அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.