ஆதனும் ஆதிலட்சுமியும்

(மதுரை வெண்கலக்கடைத் தெரு. பாத்திரக் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர். எதிரே தூக்குவாளியும் கையுமாக ஆதிலட்சுமி.)

ஆதிலட்சுமி: தம்பி, இதில் என் பெயரை வெட்டுங்கள். போன தடவை சாம்பார் ஊற்றி நாத்தனாருக்கு அனுப்பினேன். வாளியே எங்களுடையதுதான் என்று சாதித்துவிட்டாள்.

பெயர் வெட்டுபவர்: அந்தக் காலத்திலேயே இந்த உஷார் இருந்திருக்கிறது அக்கா. கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறி வைத்திருக்கிறான். 2600 வருஷம் ஆச்சு.

ஆதி: பாவம், அவனுக்கும் ஒரு நாத்தனார் இருந்திருப்பாள்.

பெயர்: ஆம்பளைக்கு ஏது அக்கா நாத்தனார்?

ஆதி: அவன் பெண்டாட்டிக்கு இருந்திருப்பாள். வெட்டுங்கள்.

பெயர்: தந்தத்தில் பகடைக்காயும் எடுத்திருக்கிறார்கள்.

ஆதி: ஐயோ, இதை எங்கள் வீட்டுக்காரர் காதில் போட்டுவிடாதீர்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து தாயமும் செஸ்ஸும்தான் வேலை.

பெயர்: விளையாட்டை மட்டமாகப் பேசக்கூடாது. நம்ம குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனபோது வயசு 18தான்.

ஆதி: இவருக்கு 64. முந்தாநாள் தோற்கடித்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏழு.

பெயர்: (உளியைத் தட்டியபடி) அப்புறம், கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழியில் புதைத்தவர்கள் இரண்டு பேருடைய மண்டை ஓட்டை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகமே செய்துவிட்டார்கள். படம் பார்த்தேன். ஒருத்தர் அச்சு அசல் நம்ம எதிர்க் கடை அண்ணாச்சி.

ஆதி: வெறும் ஓட்டை வைத்தே இவ்வளவா! நான் உசிரோடு போய் உட்கார்ந்து எடுத்த ஆதார் படத்தில், என்னைப் பெற்ற அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

பெயர்: அதிலும் அரசியல் அக்கா. கீழடிக்கு 982 பக்கத்தில் அறிக்கை எழுதினால், 2025-ல் டெல்லியிலிருந்து திருத்தித் தரச் சொன்னார்கள். எழுதினவர் முடியாது என்றுவிட்டார்.

ஆதி: எதைத் திருத்தவாம்?

பெயர்: முக்கியமாக வயசுதான். அவ்வளவு பழசு என்பதற்கு ஆதாரம் போதாதாம்.

ஆதி: டெல்லியில் வயசெல்லாம் குறைப்பார்களா? எனக்கும் ஒரு பத்து வருஷம் எழுதிப் போடுங்களேன்.

பெயர்: அரிட்டாபட்டி போயிருக்கிறீர்களா? ஒரே ஊர். மலையில் சமணர் படுக்கையும் இருக்கிறது, சிவனுக்குக் குடைவரையும் இருக்கிறது. அங்கே டங்ஸ்டன் தோண்டவிருந்த ஏலத்தைக்கூட ஊரே கிளம்பிப் போராடி ரத்து செய்ய வைத்தார்கள்.

ஆதி: எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே குழாயடியில் நிற்க மாட்டார்கள். சரி, என் வாளி?

பெயர்: இதோ. இந்த உளி இரும்புதானே? சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பு கி.மு. 3345 என்று...

ஆதி: உங்கள் உளியும் அங்கே எடுத்ததுதான் போல. அரை மணி நேரமாகத் தட்டுகிறீர்கள். கொடுங்கள். (கண்ணாடியை மாட்டி) ஆ... த... ன்?

பெயர்: (நாக்கைக் கடித்து) பேச்சு வாக்கில் கை போய்விட்டது அக்கா. எழுத்துக்கு அஞ்சு ரூபாய். உங்கள் பெயருக்கு ஆறு எழுத்து, முப்பது. இதற்குப் பதினைந்து கொடுத்தால் போதும்.

ஆதி: (யோசித்து) பாதி விலையா? இருக்கட்டும். நாத்தனார் வீட்டில் ஆதன் என்று யாரும் இல்லை.