ஒரு டேங்க் தண்ணி

(மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை. டெய்லர் முருகேசன், பழைய பேப்பர் கடை சேகர். முப்பது வருஷப் பழக்கம். அதில் பேசியதெல்லாம் கிரிக்கெட்டும் கேஸ் விலையும்தான்.)

சேகர்: அண்ணே, ரெண்டு டீ. எனக்குச் சீனி வேணாம். ஏன் மாப்ள, கண்ணு சிவந்து கெடக்கு?

முருகேசன்: வெங்காயம் உரிச்சேன்.

சேகர்: சட்டைக்குப் பட்டனுக்குப் பதிலா வெங்காயம் தைக்கிறியா?

முருகேசன்: சரி, தூசின்னு வச்சுக்க.

சேகர்: ரெண்டுல ஒண்ணு சொல்லுடா.

முருகேசன்: பாப்பாவைக் கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தேன்ல. ஒட்டன்சத்திரம் தாண்டி, சுண்டல் வாங்கச் சட்டைப்பையில சில்லறை தேடுனா, ரப்பர் பேண்டு. தலை சீவறப்ப "பிடிச்சுக்கப்பா"ன்னு குடுத்துச்சு. அதுல ரெண்டு முடி வேற சுத்தியிருந்துச்சு.

சேகர்: பஸ்லயேவா அழுத?

முருகேசன்: பஸ்லயேதான். பக்கத்துல கடா மீசைக்காரர். அதட்டுவாருன்னு பாத்தா, "மகளா?"ன்னாரு. தலையாட்டுனேன். "எனக்கு மகன்"னு அவரும் ஆரம்பிச்சிட்டாரு. திண்டுக்கல் வரைக்கும் ஜோடியா அழுதோம். டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக்குடுத்த மீதி 8 ரூபாயை, கண்டக்டர் தானாவே வந்து குடுத்துட்டுப் போனாரு.

சேகர்: கேக்காமலேயா! அப்ப பெரிய அழுகைதான்.

முருகேசன்: வீட்டுல அவ முன்னாடி அழ முடியுமா? பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் வெளிய வந்தா, அவ உள்ள போய்க் குழாயைத் திறக்குறா. அரை மணி நேரம். வந்தா தலை நனையல, சோப்பு காஞ்சு கெடக்கு. மறுபடி நான். மறுபடி அவ.

சேகர்: ஷிப்ட் போட்டா அழுதீங்க?

முருகேசன்: மூணாம் நாள் 1000 லிட்டர் டேங்க் காலி. ஹவுஸ் ஓனரம்மா மாடியிலருந்து இறங்கி வந்து, "ரெண்டு பேரும் சேந்து அழுதா ஒரு குழாய் போதும்ல?"ன்னுச்சு.

சேகர்: அப்புறம்?

முருகேசன்: அடுப்படியில உக்காந்து சேந்தே அழுதோம். 22 வருஷத்துல அவ என்கிட்ட அவ்வளவு நேரம் பேசுனதே இல்லடா. வர்ற பஸ்ல டிரைவர் தலைக்கு மேல எழுதியிருந்ததே 71-வது குறள்தான், அன்புக்கு ஏது தாழ்ப்பாள்னு. நான் தாழ்ப்பாளையும் போட்டு, குழாயையும் திறந்து...

(சேகர் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருக்கிறார். அது எப்போதோ ஆறிவிட்டது.)

முருகேசன்: என்னடா?

சேகர்: மூணு மாச ஷுகர் 9.5.

முருகேசன்: எவ்வளவு இருக்கணும்?

சேகர்: 6.5 வந்தாலே ஷுகருங்கிறாங்க.

முருகேசன்: அதான் பத்து நாளா சீனி வேணாங்கிறியா? நான் தொப்பையைக் குறைக்கிறேன்னுல்ல நெனச்சேன். வீட்ல?

சேகர்: தெரியாது. ரிப்போர்ட் வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு. நேத்து அவ கேசரி கிண்டுனா. நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாந்தடவையும் வாங்கித் தின்னேன். பயமா இருக்கு மாப்ள. எங்கப்பாவுக்குக் கால்விரலை எடுத்தது இதுலதான்.

முருகேசன்: இதை ஏன்டா என்கிட்டகூடச் சொல்லல?

சேகர்: நானும் வெங்காயம்தான் உரிச்சுக்கிட்டிருந்தேன்.

முருகேசன்: இன்னைக்கே வீட்ல சொல்லிரு.

சேகர்: சொல்றப்ப அழுகை வந்துட்டா?

முருகேசன்: வரட்டுமே.

சேகர்: அதுக்கில்லடா. எங்க வீட்ல ரெண்டு நாளா மோட்டார் ரிப்பேரு. குழாயில தண்ணி வராது.