மெதுவடை பில்லை எனக்கே சாட்சியாக அனுப்பியிருக்கிறார்கள்

பாட்டு லைசென்ஸுக்குக் காசு வசூலிக்கிற ஒரு கம்பெனியிடமிருந்து மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷ் நோட்டீஸ். அதன் பின்னால் பின் அடித்து ஒரு இணைப்பு. அது என்ன தெரியுமா? என் கடை பில். என் மிஷினில் அடித்து, நானே கிழித்துக் கொடுத்த பில். இரண்டு டீ, இரண்டு மெதுவடை, ஒரு பொடி தோசை. அதை ஜெராக்ஸ் எடுத்து, எனக்கு எதிரான ஆதாரம் என்று எழுதி, எனக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இன்னும் வயிறு எரிகிறது.

கடையில் பாட்டுப் போட்டேனாம். அதற்கு லைசென்ஸ் இல்லையாம். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63, ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஏற்கெனவே வேறொரு இடத்தில் இதே பாட்டுக்காகப் பணம் கட்டி, அந்த ரசீதைக் கல்லாவுக்கு மேலே குமாஸ்தா லைசென்ஸுக்கும் (இங்கே கடைப் பதிவுக்கு அதுதான் பெயர்) ஃபுட் லைசென்ஸுக்கும் நடுவில் மாட்டி வைத்திருக்கிறேன். அதன் காலம் இன்னும் முடியவில்லை. அதைக் கட்டும்போது "இனி ஒரு பிரச்சினையும் வராது" என்றுதான் சொன்னார்கள். பம்பாயில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் மெஸ், சலூன், ஜிம் என்று எது வைத்திருப்பவரும் இதை இதற்கு மேல் விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

அந்த இரண்டு பையன்கள் வந்த சாயங்காலத்தை நான் மறக்கவே போவதில்லை. நல்ல மழை. 90 அடி ரோட்டில் தண்ணீர் நின்றதால் கடையில் கூட்டமே இல்லை. முதுகில் லேப்டாப் பையோடு உள்ளே வந்தார்கள். ஃபேனுக்குக் கீழே டேபிள் காலியாக இருந்தும் அங்கே உட்காரவில்லை. நேராக ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கிற டேபிளுக்குப் போனார்கள். டீ கேட்டார்கள், வடை கேட்டார்கள். ஒருவன் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து நிறுத்தினான். வீட்டுக்கு வீடியோ கால் பேசப் போகிறான் போல என்று நினைத்தேன்.

அப்புறம் அவன் என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னான்: "அண்ணா, கொஞ்சம் சவுண்ட் கூட்டுங்களேன். நல்ல பாட்டாக இருக்கிறது."

சவுண்டைக் கூட்டச் சொன்னது அவன். நான் இல்லை. தமிழே தெரியாத பையனுக்கு நம்ம ஊர்ப் பாட்டு பிடித்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்லாவை விட்டு எழுந்து போய்க் கூட்டி வைத்தேன். பல்லவிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், நின்றுகொண்டே, வரி வரியாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அத்தனையும் ஜக்கில் சாய்ந்திருந்த போனில் பதிவாகிக்கொண்டிருந்தது. பொடி தோசை கேட்டபோது மாஸ்டரிடம் "நெய்யைக் கொஞ்சம் தாராளமா ஊத்துப்பா" என்று குரல் கொடுத்ததும் அதில் இருக்கும். சாப்பிட்டு முடித்து, தேதி, நேரம், கடைப் பெயர் எல்லாம் தெளிவாக விழுந்த பில் வேண்டும் என்றான். ஆபீஸில் காட்டிப் பணம் வாங்குவானாக இருக்கும் என்று நினைத்து, மை சரியாக விழாத முதல் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது அடித்துக் கொடுத்தேன். வெளியே போய் போர்டைப் போட்டோ எடுத்தார்கள். கடைசிவரை லைசென்ஸ் என்று ஒரு வார்த்தை அவர்கள் வாயில் வரவில்லை. வந்து கேட்டிருந்தால் ரசீதைக் காட்டியிருப்பேன். அவர்கள் பில் வாங்கிய கல்லாவுக்கு மேலேதான் அது தொங்கியது.

ஒருவர் கடையில் உட்கார்ந்து, அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டு, பாட்டுக்கு அர்த்தம் கேட்டு, அதையே அவருக்கு எதிராகத் திருப்புவது என்ன தொழில்? சம்பளத்துக்கு வந்த பையன்கள்தான், அவர்களை அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பையனை மன்னிக்க மனசு வரவில்லை.

நோட்டீஸில் இருந்த நம்பருக்கு போன் செய்தேன். எத்தனை சீட் என்றார் அந்த மனிதர். பதினான்கு. எத்தனை சதுர அடி? இருநூறு. ஏசி உண்டா? கிடையாது. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே இறங்காது என்றார். பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டச் சொன்னார். சரி, அன்றைக்கு ஓடிய பாட்டு உங்களுடையதுதானா என்று கேட்டேன். லீகல் டீம் பார்த்துச் சொல்லும் என்றார். உங்களுடைய தமிழ்ப் பாட்டுகள் எவை, ஒரு பட்டியல் தாருங்கள் என்றேன். லட்சக்கணக்கில் இருக்கின்றன, வெப்சைட்டில் தேடிக்கொள்ளுங்கள் என்றார். அப்படியானால் உங்கள் பாட்டை விட்டுவிட்டு மற்றதைப் போடுகிறேன் என்றேன். மற்றதற்கு மற்றவர்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும் என்றார். எஃப்.எம். வைத்தால்? அதற்கும் வேண்டும். டிவி? அதற்கும். மாதாமாதம் காசு கட்டுகிற மொபைல் ஆப்? அது சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், கடைக்குச் செல்லாது. (இது உண்மைதான். ஸ்பாட்டிஃபை, யூட்யூப் விதிமுறைகளில் அப்படித்தான் இருக்கிறது.) நானே கல்லாவில் உட்கார்ந்து பாடினால் என்றேன். "யாருடைய பாட்டு?" என்று கேட்டார். மனுஷன் சீரியஸாகத்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு, வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிற நண்பரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒரே பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. பாட்டு வரியும் மெட்டும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. வரி, மெட்டுக்கு 1969ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு 1941ல் தொடங்கிய பி.பி.எல். என்ற கம்பெனி இருக்கிறது. 2021ல் பதிவு பெற்ற ஆர்.எம்.பி.எல். என்ற சங்கமும் ஒலிப்பதிவுக்குத்தான். சில கம்பெனிகளின் பாட்டுக்கு நோவெக்ஸ் என்ற இன்னொரு கம்பெனி தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. பெரும் பணம் புரளும் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கு இதையெல்லாம் பார்க்க ஒரு டிபார்ட்மெண்டே இருக்கும். என் கடையில் அந்த டிபார்ட்மெண்டும் நான்தான், சாம்பாருக்குப் புளி கரைப்பதும் நான்தான்.

இவர்களில் யாருக்கு லைசென்ஸ் கொடுக்க அதிகாரம் இருக்கிறது என்பதிலேயே நாட்டில் ஒரு முடிவு இல்லை. பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமல் லைசென்ஸ் கொடுக்கும் தொழிலைச் செய்யக்கூடாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உரிமை கையில் இருக்கிறவர் தன் சொத்துக்குத் தானே லைசென்ஸ் கொடுக்கலாம், சங்கமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று 2024 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பதிவு வேண்டும், ஆனால் வழக்கில் சிக்கிய ஓட்டல் கம்பெனி இப்போதைக்கு ஆர்.எம்.பி.எல். கட்டணப்படி பணத்தைக் கட்டட்டும் என்றது. பணம் கட்டச் சொன்ன அந்த உத்தரவைச் சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. என் மச்சான் வடபழனியில் இதே அளவில் மெஸ் வைத்திருக்கிறான். அதே பாட்டு, அதே ஸ்பீக்கர், அதே 1957ஆம் வருடத்துச் சட்டம். நோட்டீஸ் வந்தால் அவன் எடுத்துக் காட்டுவதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. பம்பாய்க்குப் பிழைக்க வந்த எனக்கு அது கிடையாது. நீதிபதிகளே இன்னும் பேசி முடிக்காத விஷயத்துக்கு, பதினான்கு சீட் வைத்திருப்பவனுக்கு ஜெயில் என்று தடித்த எழுத்தில் எழுத இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது?

கட்டணம் அதிகம் என்று முறையிடலாமா என்று பார்த்தேன். அதற்கென்று இருந்த மேல்முறையீட்டு வாரியத்தை 2021ல் கலைத்துவிட்டார்கள். இனி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வக்கீல் ஃபீஸ் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

தெரு முனையில் கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாளில் அங்கே போடுகிற பாட்டுக்கு என் கடை டம்ளரெல்லாம் அதிரும். அதற்குக் கட்டணம் இல்லை. மத விழாக்களுக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. கல்யாண வீடுகளில் ராயல்டி கேட்கக்கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசு தனியாக ஒரு அறிவிப்பே போட்டது. நல்லதுதான், கல்யாண வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் அவர்களுக்காக அவ்வளவு யோசித்தவர்கள், நாலு மேஜை போட்டு இட்லி விற்பவனைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லையே. அமெரிக்காவில் 3,750 சதுர அடிக்குக் குறைவான ஓட்டல் ரேடியோவோ டிவியோ வைத்தால் கட்டணம் வேண்டாம் என்று 1998லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த அளவுக்குள் என் கடையைப் போல பதினெட்டுக் கடை அடங்கும். இங்கிலாந்தில் பாட்டு வரி, மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக வசூலித்த இரண்டு அமைப்புகள் 2018ல் சேர்ந்து, கடைக்காரருக்கு ஒரே லைசென்ஸ் என்று ஆக்கிவிட்டன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

ஓசியில் பாட்டுப் போட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. யாராவது அப்படி எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இந்த ஊருக்கு வந்த புதிதில், பாஷை தெரியாமல், கோலிவாடாவில் பத்துப் பேரோடு ஒரு அறையில் கிடந்தபோது என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது டேப் ரிக்கார்டர் பாட்டுதான். அதை எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் என் கல்லாவிலிருந்து பணம் போனால் எனக்குப் பெருமை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் அவர்கள் பங்கை யாரும் பிடுங்க முடியாது என்று 2012ல் சட்டத்தைத் திருத்தினார்கள். எவ்வளவு நல்ல திருத்தம் அது. ஆனால் நான் கட்டிய பணம் யாருக்குப் போனது? சீட் எண்ணினார்கள், சதுர அடி அளந்தார்கள். இந்தக் கடையில் என்ன பாட்டு ஓடுகிறது என்று ஒருவர்கூட எழுதி வாங்கவில்லை. நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு ஓடும் கடையின் காசு, அந்தத் தமிழ்ப் பாட்டை எழுதியவர் வீட்டுக்குத்தான் போகிறது என்று எதை வைத்து நான் நம்புவது? எனக்கு வேண்டியது ஒரே கவுண்டர், ஒரே ரசீது, இந்தப் பாட்டுக்கெல்லாம் இது செல்லும் என்று படித்தால் புரிகிற ஒரு பட்டியல். கொடுங்கள், நாளைக்கே முதல் ஆளாக வந்து கட்டுகிறேன்.

இப்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் சாயங்காலக் காப்பிக்கு வருவார். "ஏன்டே, கடை இழவு வீடு மாதிரி கெடக்கு, சாமி பாட்டாவது போடேம்டே" என்றார். சாமி பாட்டுக்கும் கம்பெனி உண்டு பெரியப்பா, கோயில் விழாவில் போட்டால்தான் விலக்கு, இட்லிக் கடையில் போட்டால் கிடையாது என்று அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் நான்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்.

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே போனில் ஒரு மெசேஜ். பணம் வந்ததைக் குரலில் சொல்கிற க்யூ.ஆர். சவுண்ட் பாக்ஸுக்கு இந்த மாத வாடகை பிடித்தாகிவிட்டதாம். அந்தப் பெட்டி மழையில் நனைந்து போன மாதமே செத்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லி போன் செய்தால் ஹிந்திக்கு ஒன்றை அமுக்கு, இங்கிலீஷுக்கு இரண்டை அமுக்கு என்று சுற்றிச் சுற்றி விடுகிறது, ஒரு மனுஷக் குரல் வருவதில்லை. காசு வந்ததா இல்லையா என்று ஒவ்வொருவர் போனையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசாத பெட்டிக்கு எதுக்கய்யா வாடகை?