கிராக்கோவின் கரி அடுப்புகள்

போலந்தில் காற்று மாசு என்றதும் பலரும் அனல் மின் நிலையத்தைத்தான் கை காட்டுவார்கள். 2016இல் வேலைக்காக கிராக்கோவுக்கு வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, தாளித்த நெடி போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். வெளியிலிருந்து கரிப்புகை குப்பென்று உள்ளே வந்தது. எதிர்வீட்டுப் புகைபோக்கியின் புகை மேலே ஏறாமல், கூரையில் வழிந்து தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது.

கிராக்கோவ் விஸ்துலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. காற்று வீசாத இரவில் சூடான காற்று மேலே மூடி போட்டதுபோல் நின்றுவிடும். புகை அடியிலேயே தங்கும். ஆலைகளுக்கு உயரமான புகைபோக்கியும் வடிகட்டியும் உண்டு. குளிருக்கு வீட்டைச் சூடாக்க நிலக்கரி எரிக்கும் வீட்டு அடுப்புக்கு அது கிடையாது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் போலந்துக் காற்றில் பெரும்பாலும் இந்த அடுப்புகளிலிருந்துதான் கலக்கிறது. 1990க்குப் பின் ஆலைகளும் மின் நிலையங்களும் கக்கிய கந்தக டை ஆக்சைடு வெகுவாகக் குறைந்தும், வீட்டு அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இதை மாற்றியது ஊர் மக்கள். 2012இல் இயக்கமாகத் திரண்டார்கள். 2013இல் இந்த அடுப்புகளுக்கு மாகாண மன்றம் கொண்டுவந்த தடை நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. விடவில்லை. 2015இல் சட்டமே திருத்தப்பட்டது, 2016 ஜனவரியில் மறுபடி தீர்மானம். 2019 செப்டம்பர் 1 முதல் நகர எல்லைக்குள் கரியும் எரிக்கக் கூடாது, விறகும் கூடாது.

தடை ஏழைகளை வதைக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தடை அமலாவதற்கு முன்பே அடுப்பை மாற்ற மாநகராட்சி பணம் கொடுத்தது. சூடேற்றும் செலவு கூடிய ஏழைக் குடும்பங்களுக்குத் தனி உதவியும் உண்டு. கீழ்வீட்டுப் பாட்டி தினமும் நிலவறையிலிருந்து வாளியில் கரி தூக்கிவருவார். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் கறுப்பு போகாது. அடுப்பை எடுத்த வருடம், “கை வெளுத்துவிட்டது பார்” என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

என் கோபமெல்லாம் நகரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றித்தான். அங்கே பழைய அடுப்புகளை 2022 முடிவுக்குள் அகற்ற வேண்டும் என்றிருந்த கெடுவை 2024 ஏப்ரல் வரை தள்ளிப்போட்டார்கள். உக்ரைன் போர், எரிபொருள் விலை என்று காரணம் சொன்னார்கள். சரி, விலை ஏறியது உண்மைதான். அப்படியானால் உதவித்தொகையைக் கூட்டியிருக்க வேண்டும், கெடுவை அல்ல. அந்தப் பக்கமிருந்து காற்று வரும் இரவுகளில் இன்றும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பிள்ளையைத் தூங்கவைக்கிறோம்.